காற்றுப் பார்ப்பவர்

சோம்பேறி என்று மட்டும் சொல்லக் கூடாது. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். பிடிவாதக்காரர், சாக்குச் சொல்வதில் மன்னர், குறட்டை விட்டால் அடுத்த வீட்டு நாய் எழுந்து குரைக்கும், எல்லாம் சொல்லலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் சோம்பேறி என்பவன் எழுந்திருக்க மாட்டான். கிரேன்காரர் எழுந்திருக்கிறார். பால் பாக்கெட் வருவதற்கு முன்னால், தெருவிளக்கு அணைவதற்கு முன்னால் எழுந்து, பல் விளக்கி, முகம் கழுவி, காலுறை மாட்டி, கடையில் நான்கு ஜோடியைப் போட்டுப் பார்த்து வாங்கிய நீல ஷூவையும் கட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் தயாராக உட்கார்ந்துவிடுகிறார். அங்கிருந்து வெளியே போவதில்லை, அவ்வளவுதான். எழுந்த மனிதரை எழாதவர்களோடு சேர்த்து வைப்பது என்ன நியாயம்?

இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது எதிர்வீட்டக்கா. அவள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் நேராக இவர் வீட்டுக் கூடம். மளிகைக் கடையில் நின்றுகொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அவள் சொன்னதாவது: "விடிஞ்சா போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ஷூ போட்டு உக்காந்துருக்காரு. வீட்டுக்குள்ள எந்த பஸ் வருதுன்னுதான் எனக்குப் புரியல." கடை முழுக்கச் சிரித்தது. நன்றாகத்தான் சொல்லியிருக்கிறாள், சிரிப்பு வருகிறது. அதற்காக உண்மை ஆகிவிடுமா?

அவரைப் பற்றி இன்னும் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு. ஒன்று, மனைவிக்குப் பயந்தவர். அது உண்மை, அதை விட்டுவிடலாம். இன்னொன்று தலைக்கனம். தெருவில் எதிரே வந்தாலும் பார்க்காத மாதிரிப் போகிறாராம். இதைச் சொல்கிறவர்களுக்கு அவருடைய வேலை தெரியாது. ஆண்டுக்கணக்காக மனிதர்களின் உச்சந்தலையை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. தலை தெரிந்தால் ஆளைச் சொல்லிவிடுவார். முகத்தைக் காட்டினால் திண்டாடிப்போவார். ஒரு முறை காய்கறிக் கடையில் ஒருவர் வணக்கம் சொல்ல, இவர் யாரோ என்று விழிக்க, அந்த ஆள் கீழே விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தார். "அடடே, நம்ம எலக்ட்ரீஷியன்" என்று இவர் அப்போதுதான் கையைப் பிடித்துக்கொண்டார். இதற்குப் பெயர் தலைக்கனமா?

வேலையைச் சொல்லியாக வேண்டும். வானத்தில் கைநீட்டி நிற்கும் பெரிய கிரேன் இருக்கிறதே, கட்டிடம் எழும்பும் இடங்களில், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இவர். உட்கார்ந்தால் முழங்கால் கண்ணாடியில் இடிக்கும். காலையில் ஏணியில் ஏறினால் மாலையில்தான் இறக்கம். சாப்பாடு தோள்பையில் கூடவே ஏறும். தண்ணீர் ஏறும். சின்ன மின்விசிறி ஒன்று அங்கேயே குடியிருக்கிறது. மற்ற அவசரத்துக்கு ஒரு மூடிபோட்ட பாட்டில். இதை வெளியே சொல்லக் கூடாது என்று அவர் மனைவி கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்தப் பாட்டிலைக்கூடச் சாயாமல் நேராகப் பிடித்தபடி ஏணியில் இறங்குகிறவர் என்று சொன்னால்தான் மனிதருடைய கவனம் விளங்கும். கட்டுக்கட்டாகக் கம்பியையும் பலகை பலகையாகக் கண்ணாடியையும் தூக்கி, தரையில் தூசி எழும்பாமல் இறக்கி வைப்பார். மேலே இருக்கும்வரை அவர் ராஜா. யாரும் அவர் வயிற்றைப் பார்ப்பதில்லை.

அவருக்குக் கீழே தரையில் ஒரு சிக்னல்காரர் நிற்பார். ஒல்லிக்குச்சி மாதிரி இருப்பவர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. கையில் வாக்கி டாக்கி. "தூக்குண்ணே… மெதுவா… வலது பக்கம்… இன்னும் கொஞ்சம்… போதும், எறக்கு." நாள் முழுக்க அந்தக் குரல் இவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். சொந்த மனைவியின் குரலைவிட அதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறார். ஆனால் இருவரும் முகம் பார்த்துப் பேசுவது அபூர்வம். இவர் இறங்குவதற்குள் அவருடைய வண்டி கிளம்பிவிடும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான், சிக்னல்காரருக்கு. முதலாளியே வந்து தூக்கு என்றாலும் தூக்கக் கூடாது. ஆனால் நிறுத்து என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். வழிப்போக்கர் சொன்னாலும், டீ கொண்டுவருகிறவர் சொன்னாலும், அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட சட்டம், நல்ல சட்டம். ஆனால் ஆண்டுக்கணக்காக இந்தச் சட்டத்தில் ஊறிய உடம்பை விடிகாலையில் எழுப்பி, "நீயாகக் கிளம்பு" என்றால் அது எப்படிக் கிளம்பும்? கிளம்பு என்று சொல்ல ஆள் இல்லை. நிறுத்து என்று சொல்ல உலகமே இருக்கிறது.

அவருக்கு எதற்கு விடிகாலை நடைப்பயிற்சி என்று கேட்கலாம். உட்கார்ந்த இடத்தில் உழைப்பு, உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. உடம்பு சும்மா இருக்குமா, அதுவும் தன் பங்குக்குக் கட்டிடம் கட்டியது. முன்பெல்லாம் சீழ்க்கையடித்துக்கொண்டே ஏணியில் ஏறுவார். பிறகு சீழ்க்கை நின்றது. அதற்கப்புறம் ஏணியின் நடுவே உள்ள இடைத்தட்டுகளில் நின்று நின்று ஏற ஆரம்பித்தார். இந்த நேரம் பார்த்துக் கட்டிடம் உயர்ந்தது. கட்டிடம் உயர்ந்தால் கிரேனுக்கும் துண்டு துண்டாக உயரம் சேர்ப்பார்கள். ஏணி மாதா மாதம் நீண்டுகொண்டே போனது, இவர் மூச்சு குறுகிக்கொண்டே வந்தது.

தாமதமானால் சூப்பர்வைசர் கேட்பார். கண்டெய்னர் பெட்டிக்குள் இருக்கும் ஆபீசில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாக்கி டாக்கியில்தான் உலகத்தை நடத்துகிறவர் அவர். "என்ன, ஆள் இன்னும் மேல போகலையா?" என்பார். சிக்னல்காரர் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, "அண்ணன் காத்து பாக்குறாரு சார்" என்பார். காற்று அதிகமிருந்தால் கிரேனை ஓட்டக் கூடாது. காற்றைப் பார்ப்பது கடமை. யார் குறை சொல்ல முடியும்? அண்ணன் இடைத்தட்டில் இரும்பைக் கட்டிக்கொண்டு நாக்குத் தள்ள நின்றிருப்பார். கீழே அவருக்கு நல்ல பெயர் வந்துகொண்டிருக்கும். மனிதர் எவ்வளவு எச்சரிக்கை, ஒவ்வொரு தட்டிலும் நின்று காற்றுப் பார்க்கிறார் என்று.

ஆனால் உண்மை என்னவென்று சிக்னல்காரருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வருஷா வருஷம் டாக்டர் ஒருவர் வந்து கிரேன் ஓட்டுகிறவர்களைப் பரிசோதிப்பார். முன்பு மார்பில் குழல் வைத்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஏணியில் ஏறவே சொல்கிறார்களாம், பக்கத்து சைட்டில் ஒருவரை இறக்கிவிட்டார்களாம் என்று செய்தி வந்தது. இறக்கிவிட்டால் கேட்டில் வேலை. ஒரு விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டு, லாரி வந்தால் ஊத வேண்டும். பரிசோதனையை நினைத்த அன்றுதான் அவர் ஷூ வாங்கப் போனார். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. "சும்மா, உடம்புக்கு நல்லதாம்" என்றார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற வேலை அவளுக்கு. எந்தப் போர்வையின் மடிப்புக்குள் என்ன கறை இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தே சொல்கிறவள். அவளுக்கு அப்போதே சந்தேகம். கேட்கவில்லை.

இனி அவருடைய விடிகாலையைப் பாருங்கள்.

முதலில் ஜன்னலைத் திறந்து காற்றுப் பார்ப்பார். ஆமாம், இங்கேயும்தான். விரலை எச்சிலில் நனைத்து வெளியே நீட்டுவார். எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஒரு துண்டு அசைந்தால் போதும், "காத்து சரியில்ல" என்று தீர்ப்பு வந்துவிடும். கிரேனுக்கு ஆகாத காற்று நடக்கிற மனிதருக்கு என்ன செய்யும் என்று மனைவி கேட்டாள். பழக்கம் என்றார். துண்டு அசையாத நாட்களில் ஷூவைச் சோதிப்பார். வேலை தொடங்குமுன் ஒவ்வொரு போல்ட்டையும் கம்பி வடத்தையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதே கண்ணோடு ஷூவைக் கவிழ்ப்பார், அடியைத் தட்டுவார், நாடாவை இழுத்து அறுகிறதா பார்ப்பார், ஓட்டைகளில் எல்லாம் நாடா ஒழுங்காக நுழைந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திருப்தியானால் அணிவார். அணிந்தபின் நாற்காலியில் உட்கார்வார். உட்கார்ந்தால் தெரியுமே, எல்லாம் தயார், சிக்னல்தான் பாக்கி. அவர் காத்திருப்பார். கைகள் இரண்டும் முழங்கால்மேல், கிரேனை இயக்கும் கைப்பிடிகளைப் பிடித்த மாதிரியே. கண் கதவைப் பார்க்கும். சைட்டு வண்டி ஹாரன் அடிக்கிற நேரம் வந்துவிடும்.

மனைவி தன்னால் ஆனதைச் செய்தாள். அலாரத்தை எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வைத்தாள். அவர் அதற்கு முன்பே எழுந்துவிட்டதால் அது அவளைத்தான் எழுப்பியது. ஒரு நாள் இடுப்பில் கைவைத்து முன்னால் நின்று, "சரி, நான் சொல்றேன், கிளம்புங்க" என்றாள். அவர் மிகுந்த மரியாதையோடு, "நீ சிக்னல்மேன் இல்லையேம்மா" என்றார். தலையணை பறந்தது.

ஒரே ஒரு நாள் வீட்டுக் கேட் வரைக்கும் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டக்கா அதை யாரிடமும் சொல்வதில்லை. ஏனென்றால் அன்று அவரைத் திருப்பி அனுப்பியது அவளேதான். நன்றாக விடிந்துவிட்ட நேரம், மாடியில் அவள் பேத்தி கைப்பிடிச் சுவரில் ஏறப் பார்க்க, "நிறுத்து" என்று இவள் அதட்டினாள். கீழே கேட்டைத் திறந்துகொண்டிருந்த கிரேன்காரர் நின்ற இடத்தில் நின்றார். கையை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி கிளம்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை. உள்ளே வந்து ஷூவைக் கழற்றினார். "யாரு சொன்னாலும் நிறுத்தணும்மா, அதுல சின்னவங்க பெரியவங்க இல்ல" என்று மனைவிக்கு விளக்கமும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு விளக்காமல் குளிக்கப் போனார்.

இப்படியே போயிருக்கும். போகவில்லை.

அன்று காலை சைட்டில் நிறைய பேர். கூரைக்குப் பெரிய பலகைகள் ஏற்ற வேண்டியிருந்ததால் தினக்கூலிக்கு வெளியிலிருந்தும் ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். கிரேன்காரர் ஏறிக்கொண்டிருந்தார். பாதி உயரத்துக்கு மேல் ஓர் இடைத்தட்டில் கால் வைத்தபோது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. இரும்பில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் கேட்டார், இன்றைக்குக் காற்று எப்படி என்று. பதில் சொல்ல இவர் பொத்தானை அமுக்கினார். வாயைத் திறந்தார். சொல் வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. பெரிய பெரிய மூச்சாக, இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. கண்டெய்னர் பெட்டிக்குள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவருக்கு அது புயல்காற்றாகக் கேட்டது.

"இவ்வளவு அடிக்குதா? வேண்டாம், எதையும் தூக்க வேண்டாம்" என்றார் சூப்பர்வைசர். வெளியிலிருந்து வந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சிக்னல்காரர் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கிரேன் உச்சியில் கட்டியிருந்த கொடி துவைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை நாளும் காற்று, காற்று என்று சொல்லி வந்த வாய் அது. காற்று இல்லை என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? கிராம்பைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

கிரேன்காரர் எப்படியோ கூண்டுக்குள் போய் விழுந்தார். மூச்சு அடங்கிய பிறகு கீழே எட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டுகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வெறும் தலைகள். சைட்டு ஆட்களின் தலைதானே அவருக்குத் தெரியும் என்று நினைக்கலாம். அவர்களும் முன்பு பல முறை வந்து, சாப்பாட்டு நேரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி உட்கார்ந்தவர்கள்தான். அதோ உச்சியில் பொத்தான் அளவுக்கு வழுக்கை, கம்பி கட்டுகிறவர். அதோ இரட்டைச் சுழி. அதோ துண்டைச் சும்மாடு மாதிரிச் சுற்றியிருப்பவர். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. காற்றோடு யார் சண்டை போடுவார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள்.

அவர் பொத்தானை அமுக்கினார். "சார், காத்து இல்ல சார். அது என் மூச்சு" என்றார்.

வாக்கி டாக்கி வெகுநேரம் இரைந்தது. அதற்குள் கடைசித் தலையும் கேட்டைத் தாண்டிவிட்டது.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. திட்டியிருந்தாலாவது அந்தச் சூட்டில் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. மாலையில் இறங்கி வந்தவரை உட்காரவைத்து, மாசக் கடைசியில் டாக்டர் வருகிறார், அவர் முன்னால் இரண்டே இடத்தில் நிற்கலாம், மற்றபடி நிற்காமல் ஏற வேண்டும், முடியாவிட்டால் கேட்டுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று சொன்னார். அதுவரை சீக்கிரமாக வந்து நிதானமாக ஏறச் சொன்னார். பேச்சை முடித்துவிட்டு, "காத்துன்னே நெனச்சேன்யா நான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதல் தடவையாக நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாராம். சிக்னல்காரர் சொன்னது.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். மூச்சு புயலான இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு அவள் சட்டென்று நிறுத்தி, "ஏணியில மயக்கம் வந்து கைய விட்டிருந்தா?" என்று கேட்டாள்.

அவர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கேட் வேலைக்கு என்ன கொறைச்சல்? நிழல்ல உக்காந்து விசில் ஊதுறது. நான் நிம்மதியா தூங்குவேன்."

"கீழ என்னால முடியாதும்மா" என்றார் அவர். "கீழ எனக்கு யாரையும் தெரியாது. நாள் பூரா மூஞ்சிங்க வந்துக்கிட்டே இருக்கும். நான் அவங்கள யாருன்னு கேப்பேன், அவங்க என்னை யாருன்னு கேப்பாங்க. மேல போனாத்தான் நான் ஒரு ஆளு."

வளர்ந்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதே என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப நடங்க" என்றாள். "அத நீங்கதான் செய்யணும். நான் சிக்னல்மேன் இல்ல."

இத்தனைக்குப் பிறகாவது மறுநாள் கிளம்பியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மறுநாளும் விரல் நனைந்தது, ஷூ கவிழ்ந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மனம் மாறிவிட்டது, உண்மைதான். ஆனால் மனம் மாறினால் உடனே கால் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் அதிகாலையில் எழுந்ததில்லை. எதிர்வீட்டக்காவையும் சேர்த்துத்தான். விடிந்த பிறகே எழுந்து அடுப்படி ஜன்னலைத் திறக்கிறவளுக்கு அந்த நாற்காலியின் பசை எப்படித் தெரியும்?

வேலைக்குப் போனால் ஏணியடியில் கேலி காத்திருந்தது. "அண்ணே, இன்னிக்குக் காத்து எப்படி?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஏறினார். கேலி அவருக்குப் பாரமாக இல்லை. வெளி ஆட்கள் மறுபடி வந்த நாளில்தான் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. கம்பி கட்டுகிறவர் ஏணியருகே வந்தார். ஹெல்மெட் அணிந்திருந்ததால் கிரேன்காரருக்கு ஆள் யாரென்று பிடிபடவில்லை. அது தெரிந்தவர்போல அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பேசினார். அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போனது நல்லதாய்ப் போயிற்று என்றார். சின்னவளுக்கு உடம்பு சுகமில்லை, வேலை இருந்திருந்தால் கூட இருந்திருக்க முடியாது, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன் என்றார். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

மெய்யாகவே பிள்ளைக்குக் காய்ச்சலோ, இவர் மனம் நோகக் கூடாது என்று அங்கேயே நின்று கட்டிய கதையோ, தெரியாது. கிரேன்காரருக்கும் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஏறினார். முதல் இடைத்தட்டிலேயே நின்றுவிட்டார். மூச்சு வாங்கியதால் இல்லை. கீழே அந்த மனிதர் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வழுக்கை தெரியவில்லை, முகம் தெரிந்தது. ஒரு பல் பாதி உடைந்திருந்தது. இடது புருவத்தில் தழும்பு. இத்தனை காலம் மேலிருந்து பார்த்ததில் இது எதுவும் தெரிந்ததில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கேலி செய்தால் சேர்ந்து சிரிக்கலாம். ஒருவர் நம்மால் அன்றைய கூலியை இழந்து திரும்பிப் போய், மறுபடி வந்து, நம்மைத் தேற்றிவிட்டுப் போனால் அதை எங்கே இறக்கிவைப்பது?

அன்று மாலை அவர் வீடு திரும்பியதும் சிக்னல்காரரிடமிருந்து போன் வந்தது. நாளை முதல் நானே தினமும் போன் போட்டு "கிளம்புண்ணே" என்று சொல்கிறேன், நான் சொன்னால் கேட்பாய் அல்லவா என்று அவர் ஆசையாகக் கேட்டார். நல்ல யோசனை என்று மனைவிக்குக்கூடத் தோன்றியது. கிரேன்காரர் வேண்டாம் என்றார். "நீ எனக்காகப் பேசினது போதும்டா தம்பி. தூங்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் விடிகாலையில் மனைவி கண்விழித்தபோது ஜன்னல் மூடியே இருந்தது. வழக்கமாக அதைத் திறக்கிற சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் கலையும். எழுந்து கூடத்துக்கு வந்தாள். நீல ஷூ இருந்த இடத்திலேயே இருந்தது. அதைத் தொட்டால் சோதிக்க வேண்டும், சோதித்தால் உட்கார வேண்டும் என்று அவருக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்கிறது. கழிவறைக்குப் போகப் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, பனியனும் கால்சட்டையுமாக, வயிறு முன்னால் தெரிய, கதவைத் திறந்தபடி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி விழித்தார்.

"எங்க?" என்றாள்.

"தெரியல. தெருமுனை வரைக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அங்க போய் மத்தத பாக்கலாம்."

அவள் வாயைத் திறந்தாள். போங்க என்று சொல்லலாமா, கூடாதா? சொன்னால் ஏதாவது சட்டம் குறுக்கே வருமோ? வாயை மூடிக்கொண்டாள். முகத்தில் எந்தக் குறியும் காட்டாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் படியிறங்கினார். வெளியே நல்ல இருட்டு. ரப்பர் செருப்பு குதிகாலில் பட்டுப் பட்டு ஓசையிட்டது. கேட்டுக்குப் போனது ஓசை. அங்கே நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த வீட்டு நாய் ஒரு குரல் கொடுத்தது. அவர் அதனிடம் ஏதோ சமாதானம் சொன்னார். கேட் கிரீச்சிட்டது. மறுபடி செருப்போசை, இந்த முறை தெருவில், தார்மேல், வேகம் என்று சொல்ல முடியாது, ஆனால் போய்க்கொண்டிருந்தது.

அது தெருமுனை வரைக்கும் தேய்ந்து மறைந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். மேல்தாழ்ப்பாளைப் போட்டாள், கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டாள். பிறகு படுக்கையறைக்குப் போய், அவர் இடத்தையும் சேர்த்துக் கட்டிலில் குறுக்கே கைகால் பரப்பிப் படுத்து, போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள்.